அம்மா வந்தாச்சா?

பூட்டுக்காரர்: ...பிள்ளையை அப்படிப் போட்டு ஆட்டாதம்மா. தலை எப்படித் தொங்குது பாரு.

தையல்காரி: பசிக்குது அவனுக்கு. அதான் கத்துறான்.

பூட்டுக்காரர்: பசிச்சா குடுக்கறது.

தையல்காரி: அம்மா வரணும். வந்துக்கிட்டே இருக்கா. நான் பாட்டி.

பூட்டுக்காரர்: நீ யாருன்னு நான் கேக்கவே இல்லையே.

தையல்காரி: எல்லாரும் கேப்பாங்க. அதான் முந்திக்கிட்டேன். உங்க மடியில... பேத்தியா?

பூட்டுக்காரர்: ம்.

தையல்காரி: எத்தனை மாசம்?

பூட்டுக்காரர்: அஞ்சு. உன் டோக்கன் என்ன?

தையல்காரி: முப்பத்தொண்ணு.

பூட்டுக்காரர்: எனக்கு முப்பத்திரெண்டு. இப்ப இருபத்தாறுதான் ஓடுது. ஒரு ஊசி போட அப்படி என்னதான் பண்ணுவாங்களோ உள்ள! இந்நேரம் நான் நாலு பூட்டு திறந்திருப்பேன்.

தையல்காரி: பூட்டு ரிப்பேரா பெரியவரே?

பூட்டுக்காரர்: பெரியவரா? எனக்கு இன்னும் அறுபதே ஆகல.

தையல்காரி: எவ்வளவு ஆச்சு?

பூட்டுக்காரர்: அம்பத்தொம்பதே முக்கால்.

தையல்காரி: சரிங்கண்ணே. தப்புதான்.

பூட்டுக்காரர்: சிரிக்காத. நீ என்ன பண்ற?

தையல்காரி: தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம். நான் காலர் மட்டும் தைப்பேன். கை வைக்க ஒருத்தி, காஜா எடுக்க ஒருத்தி... ஒரு நாளைக்கு நூத்தம்பது காலர். இப்ப லீவுல இருக்கேன்.

பூட்டுக்காரர்: பேரன் பொறந்ததுக்குப் பாட்டிக்கு லீவு குடுக்கற முதலாளியா? அட்ரஸைக் குடு, நானும் போய்ச் சேந்துக்கறேன்.

தையல்காரி: ...முதுகு வலின்னு சொல்லியிருக்கேன்.

பூட்டுக்காரர்: அதுக்குத்தான் இந்த வெக்கையில சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கியா?

தையல்காரி: ஆமா. காத்து ஒத்துக்காது.

பூட்டுக்காரர்: இங்க எங்க காத்து வருது? அந்த ஃபேன் சுத்தி ஒரு மாசம் ஆகியிருக்கும். ...இரு, போன் அடிக்குது. ஆங், சொல்லு. ...இன்னும் கூப்பிடல. ...தூங்குது. தூங்குதுங்கறேன்ல! ...கண்ணாடியை இறக்கி விட்டுக்க, உள்ளயே வெந்து போகாத. தண்ணி சீட்டுக்கு அடியில இருக்கு. ...வேணாம். அங்கேயே இரு. வை.

தையல்காரி: யாரு?

பூட்டுக்காரர்: வண்டியைப் பாத்துக்கற ஆளு. ஏம்மா, உன் பையனுக்குத் தொண்டை கிழிஞ்சிடும் போல. இந்தா, என்கிட்ட புட்டியில பால் இருக்கு, ரெண்டு வாய் குடு.

தையல்காரி: குடிக்க மாட்டான். ரப்பர் உதட்டுல பட்டாலே துப்பிடுவான்.

பூட்டுக்காரர்: அப்ப அவங்கம்மா வேலைக்குப் போனதும் என்ன குடிக்கிறான், காத்தையா?

தையல்காரி: மத்தியானம் வந்து குடுத்துட்டுப் போவா. ஆபீஸ் பக்கத்துலதான்.

பூட்டுக்காரர்: என்ன ஆபீஸு?

தையல்காரி: பேங்க்.

பூட்டுக்காரர்: பக்கத்துலன்னா இந்நேரம் நடந்தே வந்திருக்கலாமே.

தையல்காரி: நீங்க பூட்டுக்காரரா, போலீஸா?

பூட்டுக்காரர்: ரெண்டும் ஒண்ணுதான். சாவி தொலைஞ்சு போச்சு, என் வீடுதான், திறந்து குடுன்னு வந்து நிப்பான். உடனே திறந்துட முடியுமா? உள்ள எத்தனை ரூம்பு, கதவைத் திறந்தா எதுத்தாப்புல என்ன இருக்குன்னு நாலு கேள்வி கேப்பேன். முழிச்சான்னா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன். அடுத்தவன் வீட்டைத் திறக்கச் சொல்லி எத்தனை பேரு வந்திருக்கான் தெரியுமா? நான் யாரையும் நம்பறதில்ல.

தையல்காரி: உங்க வீட்டுல இருக்கறவங்க பாவம்.

பூட்டுக்காரர்: ...அது வாஸ்தவந்தான்.

நர்ஸ்: இருபத்தெட்டு! இருபத்தெட்டு உள்ள வாங்க. ஏன் பாட்டி, முப்பத்தொண்ணு நீங்கதானே? அம்மா வந்தாச்சா?

தையல்காரி: வந்துக்கிட்டே இருக்கா சிஸ்டர்.

நர்ஸ்: போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. பிள்ளைக்கு எடை ஏறவே இல்ல. டாக்டர் என்னைப் போட்டுக் கத்துறாரு. பால் குடுக்கறாளா, இல்ல அழகு கெட்டுடும்னு சும்மா இருக்காளா உங்க பொண்ணு?

தையல்காரி: திட்டிட்டேன் சிஸ்டர். நல்லாத் திட்டிட்டேன். அவளுக்குப் பொறுப்பே இல்ல.

நர்ஸ்: திட்டினா எடை ஏறுமா? அவ எப்படிப் பால் குடுக்கறான்னு டாக்டர் கண்ணால பாக்கணும். அம்மா இல்லாம இன்னைக்கு இந்தக் கதவைத் தாண்டாதீங்க. சொல்லிட்டேன்.

தையல்காரி: வந்துடுவா சிஸ்டர்...

பூட்டுக்காரர்: எத்தனை மாசம் இவனுக்கு?

தையல்காரி: நாலு முடிஞ்சுது.

பூட்டுக்காரர்: எடை?

தையல்காரி: நாலே முக்கால் கிலோ.

பூட்டுக்காரர்: போன மாசம்?

தையல்காரி: ...நாலே முக்கால்.

பூட்டுக்காரர்: அடப்பாவி! என் பூட்டுப் பையே இதைவிடக் கனமா இருக்கும். எங்க உன் பொண்ணு? போனைப் போடு முதல்ல.

தையல்காரி: போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ...ஹலோ, எங்கடி இருக்க? ...என்ன, முதலாளி விடலையா? நேத்தே கேக்கச் சொன்னேனே! ...அரை மணி நேரம்டி. வந்து பக்கத்துல உக்காந்தா போதும். நீ ஒண்ணும் பேச வேணாம், எல்லாம் நான் பாத்துக்கறேன். ...ஐயோ, வேற யாரைடி கேப்பேன் இப்ப? ...சரி. சரி, விடு. வை.

பூட்டுக்காரர்: பேங்க்ல முதலாளி இருக்காரா?

தையல்காரி: ...மேனேஜரைச் சொன்னேன்.

பூட்டுக்காரர்: பெத்த பொண்ணுகிட்ட 'வேற யாரைக் கேப்பேன்'னு எவளும் கேட்டு நான் பாத்ததில்ல.

தையல்காரி: உங்க வேலையைப் பாருங்கண்ணே.

பூட்டுக்காரர்: இதுவும் என் வேலைதான். போன தடவையும் அம்மா வரல. இன்னைக்கு ஒருத்தியை அம்மான்னு கூட்டிட்டு வந்து உக்கார வைக்கப் பாத்திருக்க. அவளும் வரல. பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கு. யாரு பிள்ளைம்மா இது?

தையல்காரி: மெதுவாப் பேசுங்க.

பூட்டுக்காரர்: எங்கயிருந்து தூக்கிட்டு வந்த?

தையல்காரி: என்ன வார்த்தை பேசறீங்க!

பூட்டுக்காரர்: பின்ன எப்படிக் கேக்கறது? சொல்றியா, இல்ல அந்த நர்ஸைக் கூப்பிடட்டுமா? சிஸ்டர்! ஏம்மா சிஸ்டர்...

தையல்காரி: ஐயோ, வேணாம்ணே. கூப்பிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

பூட்டுக்காரர்: அப்ப சொல்லு.

தையல்காரி: இங்க பாருங்க. சால்வையை எடுக்கறேன், பாருங்க. தூக்கிட்டு வந்த பிள்ளை அழுதா எவளுக்காவது ரவிக்கை இப்படி நனையுமா? பாத்தாச்சா? போதுமா?

பூட்டுக்காரர்: ...மூடிக்கம்மா. மூடிக்க.

தையல்காரி: கேட்டீங்களே. யாரு பிள்ளைன்னு கேட்டீங்களே.

பூட்டுக்காரர்: உனக்கு... வயசென்ன?

தையல்காரி: நாப்பத்தேழு.

பூட்டுக்காரர்: கல்யாணமாகி?

தையல்காரி: இருபத்திரெண்டு வருஷம். இல்லைன்னே ஆகிப்போச்சுன்னு விட்டுட்டோம். நாள் தள்ளிப்போனப்ப, சரி, வயசாச்சு, நின்னுடுச்சுன்னு நினைச்சேன். உள்ள உதைச்சப்பகூட வாயுன்னு சோடா வாங்கிக் குடிச்சேன்.

பூட்டுக்காரர்: சோடாவா?

தையல்காரி: ரெண்டு வாரம் குடிச்சேன். அப்புறம் ஏதோ கட்டின்னு பயந்துபோய் ஸ்கேன் எடுத்தா, டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. எனக்கு அவங்க மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. கட்டியாவே இருந்திருக்கக் கூடாதான்னு... ஒரு நிமிஷம்ணே. ஒரே ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்தப் பாவம்தான் இப்ப இவன் எடையில காட்டுதோ என்னவோ.

பூட்டுக்காரர்: பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன வெக்கம் உனக்கு? தாலி கட்டினவன் பிள்ளைதானே?

தையல்காரி: அதான் வெக்கமே. காஜா எடுக்கறவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. அவ பேரன் பள்ளிக்கூடம் போறான். நான் வயித்தைத் தள்ளிக்கிட்டுப் போய் மெஷின்ல உக்காந்தா, அங்க ஒவ்வொருத்தியும் மனசுக்குள்ள என்ன படம் ஓட்டுவா? 'இந்த வயசுலயுமா'ன்னு கேக்க மாட்டாளா? அதான் முதுகு வலின்னு நின்னுட்டேன். இப்ப போன்ல பேசினவளுக்கு மட்டும்தான் தெரியும். அவ சின்னப் பொண்ணு, பட்டன் தைக்கறவ.

பூட்டுக்காரர்: அவளை அம்மான்னு காட்டப் பாத்தியாக்கும்.

தையல்காரி: வேற என்ன செய்யறது? முதல் ஊசிக்கு வந்த அன்னைக்கு இந்த நர்ஸுதான் கேட்டுச்சு, 'பாட்டி, அம்மா எங்க'ன்னு. இதே பெஞ்சுதான். சுத்தி அத்தனையும் சின்னப் பொண்ணுங்க. நான்தான்னு சொல்லத்தான்ணே வாயைத் திறந்தேன். 'வேலைக்குப் போயிருக்கா'ன்னு வந்துடுச்சு.

பூட்டுக்காரர்: அட்டையில உன் வயசு இருக்குமே?

தையல்காரி: பொறந்தது வேற ஆஸ்பத்திரி. இங்க புது அட்டை. வயசு கேட்டாங்க. இருபத்தாறுன்னுட்டேன்.

பூட்டுக்காரர்: கொஞ்சம் கூடக் கேட்டிருந்தா பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னே சொல்லியிருப்ப.

தையல்காரி: கேலி பண்ணுங்க. நாலு மாசமா எனக்கு ஒரு பொண்ணு இருக்காண்ணே. முடியை வெட்டிக்கிட்டா, சோறு வைக்கத் தெரியாது, சொன்ன பேச்சு கேக்க மாட்டா. நர்ஸ் அவளைத் திட்டினா நானும் கூடச் சேந்துக்கிட்டுத் திட்டறேன். பிள்ளையைப் பட்டினி போடறா, ராட்சசின்னு. திட்டிட்டு வீட்டுக்குப் போனா... அங்கயும் இதே கதைதான்.

பூட்டுக்காரர்: வீட்டுல யாருக்கு வெக்கப்படற?

தையல்காரி: வீட்டுக்காரம்மாவுக்கு. வயிறு தெரிய ஆரம்பிச்சதும் பழைய தெருவை விட்டு ஊருக்குப் போயிட்டேன், பிள்ளை பொறந்தப்புறம்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். இந்தம்மா கதவைத் தட்ட மாட்டாங்க, தள்ளிக்கிட்டே வருவாங்க. பொண்ணு வெளியூர்ல வேலை பாக்குது, பேரனை நான் வளர்க்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

பூட்டுக்காரர்: இங்க பேங்க், அங்க வெளியூரு. புருஷன்?

தையல்காரி: லாரி ஓட்டறாரு. மாசத்துல அஞ்சு நாள்தான் இருப்பாரு. சொல்லித் தொலையேன்டிம்பாரு. நீங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன்ம்பேன். வண்டி தெரு முனை திரும்பினதும் வாய் ஒட்டிக்கும்.

பூட்டுக்காரர்: அந்தம்மா இருக்கறப்ப பிள்ளை அழுதா?

தையல்காரி: அவங்க மாடிக்குப் போற வரைக்கும் காத்திருப்பேன்.

பூட்டுக்காரர்: எவ்வளவு நேரம்?

தையல்காரி: சில நாள் ஒரு மணி நேரம். சில நாள்... சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. நாலு மணி நேரம்கூட ஆகும்.

பூட்டுக்காரர்: அதுவரைக்கும் கத்துவானா?

தையல்காரி: கத்துவான். அப்புறம் தூங்கிடுவான்.

பூட்டுக்காரர்: பசி மயக்கத்துல கண்ணை மூடறது தூக்கமா?

தையல்காரி: சொல்லாதீங்கண்ணே. எனக்குத் தெரியாதா...

பூட்டுக்காரர்: கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லையா?

தையல்காரி: இருந்துச்சு. கழண்டு போச்சு. ஆணி அடிச்சுப் பாத்தேன், நிக்கல.

பூட்டுக்காரர்: ஆணி எப்படி நிக்கும்? மரத்துல ஓட்டை பெருசாகியிருக்கும், குச்சி சொருகி ஸ்க்ரூ போடணும். கால் மணி நேர வேலை. நான் வந்து...

தையல்காரி: வர்றீங்களாண்ணே? இன்னைக்கேவா? பெரிய புண்ணியமாப் போகும்.

பூட்டுக்காரர்: ...இல்ல. வர மாட்டேன்.

தையல்காரி: ஏன்?

பூட்டுக்காரர்: நான் தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தா நீ இன்னும் ரெண்டு வருஷம் அதுக்குள்ளயே உக்காந்திருப்ப. கதவைத் தள்ளிக்கிட்டு வரட்டும் அந்தம்மா. வந்து பாக்கட்டும். பாத்தா என்ன ஆகும்?

தையல்காரி: உங்களுக்கு என்ன, ஆம்பளை. சுலபமாச் சொல்லிட்டீங்க. அறுபது வயசுல அப்பன் ஆனாலும் ஊரு தட்டிக் குடுக்கும். எங்களைத்தானே காறித் துப்பும்.

பூட்டுக்காரர்: தட்டிக் குடுக்கும்னு யாரு சொன்னா உனக்கு?

தையல்காரி: பின்ன?

பூட்டுக்காரர்: எங்க தெருவுல ஒருத்தி இருக்கா. நாப்பத்தஞ்சு வயசு. உன்ன மாதிரிதான், ரொம்ப வருஷம் கழிச்சு, முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில இருந்து வந்து வாசல்ல இறங்கறாங்க, துணியில சுத்தின பிள்ளை அவ கையில. எதுத்த சைக்கிள் கடைக்காரன் அவ புருஷன்கிட்ட கேக்கறான், 'என்னப்பா, பேத்தியா?'ன்னு. அவனும் 'ஆமா'ன்னுட்டான்.

தையல்காரி: அவ நிக்கறப்பவா?

பூட்டுக்காரர்: பக்கத்துலதான் நின்னா. தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு.

தையல்காரி: அவ ஒண்ணும் சொல்லலையா?

பூட்டுக்காரர்: அவனைப் பாத்தா. அவ்வளவுதான். அப்புறம் உள்ள போனவ வாசலுக்கே வர்றதில்ல. ரெண்டு மாசத்துல பாலும் வத்திப் போச்சு.

தையல்காரி: நானாவது என் வாயாலயே கெட்டேன். கட்டினவனே அப்படிச் சொன்னா... என்ன மனுஷன்ணே அவன்?

பூட்டுக்காரர்: தெரியலம்மா.

தையல்காரி: நீங்க கேக்கலையா அவனை? என்கிட்ட இத்தனை கேள்வி கேட்டீங்களே.

பூட்டுக்காரர்: கேக்கணும். ...இந்தப் போன் வேற. ஆங். ...எந்திரிச்சிடுச்சு. ...அழல. சிரிச்சுக்கிட்டு இருக்கு. ...இல்ல, நான் ஒண்ணும் கோவமா இல்ல. ...வை. வந்து பேசறேன்.

நர்ஸ்: முப்பது முடிஞ்சுது. முப்பத்தொண்ணு! பாட்டி, அம்மா வந்தாச்சா?

தையல்காரி: அண்ணே, நான் வீட்டுக்குப் போயிடறேன். அடுத்த வாரம் அவளைக் கூட்டிட்டு வந்துக்கறேன்.

பூட்டுக்காரர்: அடுத்த வாரம் எடை என்ன இருக்கும்?

நர்ஸ்: பாட்டி, உங்களைத்தான். அம்மா வந்தாச்சான்னு கேட்டேன்.

தையல்காரி: வந்தாச்சு சிஸ்டர்.

நர்ஸ்: எங்க? யாரையும் காணோமே.

தையல்காரி: நான்தான்.

நர்ஸ்: நீங்க வந்திருக்கறது தெரியுது. அம்மா எங்கன்னு கேக்கறேன்.

தையல்காரி: நான்தான் சிஸ்டர் பெத்தேன். எனக்குப் பொண்ணு யாரும் இல்ல. அந்த அட்டையில இருபத்தாறுன்னு இருக்கறதை அடிச்சுட்டு நாப்பத்தேழுன்னு போடுங்க.

பூட்டுக்காரர்: யாரது அங்க கிசுகிசுன்னு? என்ன சிரிப்பு? அவங்கவங்க டோக்கனைப் பாத்துக்கிட்டு உக்காருங்க!

நர்ஸ்: ...என்னங்க இது? கொஞ்ச முன்னாடி அழகு கெட்டுடும்னு பாக்கறாளான்னு நான் அப்படிக் கேட்டேனே...

தையல்காரி: என்னைத்தானே கேட்டீங்க. கேக்க வேண்டியதுதான்.

நர்ஸ்: சரி, அழாதீங்க. ஊசி அப்புறம் போட்டுக்கலாம். அந்த நாற்காலியில உக்காந்து முதல்ல பால் குடுங்க. குரலே போச்சு பிள்ளைக்கு.

தையல்காரி: இங்கயேவா?

நர்ஸ்: இங்கயேதான். உங்க பிள்ளைதானே?

தையல்காரி: குடுக்கறேன் சிஸ்டர். ...அந்தத் திரையை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுங்க. இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடியாது.

நர்ஸ்: விட்டாச்சு. நிதானமாக் குடுங்க. அடுத்து முப்பத்திரெண்டு! வாங்க தாத்தா, பேத்தியைக் குடுங்க. உங்களுக்கும் அம்மா வரலையா?

பூட்டுக்காரர்: ...பேத்தி இல்லம்மா, என் பொண்ணு. இவ அம்மா வெளியில என் வேன்லதான் ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கா, நான்தான் உள்ள வராதன்னேன். முப்பத்திமூணை முதல்ல கூப்பிட்டுக்க, நான் போய்க் கூப்பிட்டுப் பாக்கறேன்... வருவாளான்னு தெரியல.